மிதக்கும் மாளிகையும் எமது கரையும்

கடலை முற்றமாகக் கொண்டு வாழ்பவர் நாம். எனினும் அம்முற்றத்தின் வழியே போவோர் வருவோர் யாவர், அவர் எவ்வாறு போகின்றனர், எம்மூரில் இறங்காது போவது எதனால் என்பனவற்றை ஆற அமர இருந்து எண்ணிப் பார்த்தது குறைவே. பொத்துவிற் கரையில் இரவு வேளையில் நிற்பவர்க்குத் தொலைவிலே ஒளி வரிசையொன்று மெல்ல நகர்ந்து செல்வது சிற்சில நாட்களிலே தென்படும். சரக்குக் கப்பலாயின் ஓரிரு விளக்குகளே தோன்றும்; உல்லாசக் கப்பலாயின் ஒரு நகரமே மிதந்து செல்வது போலத் தோன்றும்.

2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருக்கோணமலை, காங்கேசன்துறை ஆகிய எமது நாட்டுத் துறைகளுக்கு வரத் தொடங்கிற்று. அம்பாந்தோட்டையிலிருந்து கிழக்குக் கரை வழியாகத் திருக்கோணமலைக்குச் செல்லும் எக்கப்பலும் எமது கரைக்கு எதிரே கடந்தே செல்லல் வேண்டும். அச்செய்தி பத்திரிகைகளில் வந்த நாட்களில், “இக்கப்பல்கள் எமது பகுதிக்கும் வருதல் வேண்டும், அதற்கு ஒரு துறை வேண்டும்” என்று எம்மிற் பலர் பேசத் தலைப்பட்டனர். அப்பேச்சைக் கேட்டு நின்ற முதிய மீனவர் ஒருவர் எம்மைப் பார்த்து, “அதுக்குள்ளேயே எல்லாம் இரிக்காம் தம்பி, பிறகென்னத்துக்கு அவங்க இஞ்ச இறங்கப்போறாங்க?” என்று வினவினார். கற்றவர் கூடிய அவ்விடத்தில் எவரும் கேளாத வினா அது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அக்கப்பலினுள் இருப்பவை யாவை என்பதைக் காண்போம். ‘எம்பிரஸ்’ 1990 இற் பிரான்சு தேசத்திலே கட்டப்பெற்றது. நீளம் ஏறக்குறைய 210 மீற்றர். கொள்ளளவு 48,500 மொத்தத் தொன்னுக்கு மேல். ஏறக்குறைய 1,600 பிரயாணிகள் அறைகளில் இருவர் இருவராகத் தங்கலாம். நீச்சல் தடாகம், நாடக அரங்கு, உடற்பயிற்சிக் கூடம், ஏறி விளையாடுதற்குரிய செயற்கைப் பாறைச் சுவர், சிறுவர் விளையாட்டறை, போசனசாலைகள், சூதாட்டக் கூடம் ஆகிய யாவும் அதனுள்ளே உள. இதுவும் உலகப் பெருங்கப்பல்களுடன் ஒப்பிடச் சிறியதே. 2024 ஆம் ஆண்டு தை மாதத்தில் முதற் பிரயாணத்தைத் தொடங்கிய ‘ஐகன் ஒவ் த சீஸ்’ என்னுங் கப்பல் 248,663 தொன் கொள்ளளவும், 20 தட்டுகளும், 7 நீச்சல் தடாகங்களும், பனிக்கட்டி மீது சறுக்கி விளையாடும் அரங்கும் உடையது. மிகுதியாக 7,600 பிரயாணிகளை ஏற்றவல்ல அக்கப்பலில் 2,350 பணியாளர் உளர். ஏறக்குறைய மூன்று பிரயாணிகளுக்கு ஒரு பணியாளர் என்க.

விளையாட்டு வசதிகள் கண்ணைக் கவர்வன. ஆயின் எமது சிந்தையைக் கவர்ந்தவை அவற்றிற்குப் பின்னால் நிகழும் பணிகளேயாம். கரையிற் பெட்டியை ஒப்படைத்த பிரயாணி அதனைத் தன் அறை வாயிலிற் காண்கின்றான். நாள்தோறும் அறை துப்புரவு செய்யப்படுகின்றது. அன்றைய நிகழ்ச்சிகள் எவை, எத்துறையில் எப்போது இறங்கலாம், எப்போது திரும்பல் வேண்டும் என்பன முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. வைத்தியரும் தாதியரும் எந்நேரமும் உளர். நடக்க இயலாதவர்க்குச் சக்கர நாற்காலி செல்லத்தக்க வழியும் அறையும் உள. குடிநீர் பெரும்பாலும் கடல் நீரிலிருந்தே உப்பகற்றிப் பெறப்படுகின்றது; பாண் அங்கேயே சுடப்படுகின்றது; ஆயிரக்கணக்கானோரின் துணிகள் கீழ்த்தட்டிலே சலவை செய்யப்படுகின்றன. இவை யாவற்றிற்கும் முன்னதாக, ஆபத்து நேரின் எங்கே கூடல் வேண்டும், உயிர்காப்பு அங்கியை எவ்வாறு அணிதல் வேண்டும் என்ற பயிற்சி ஒவ்வொரு பிரயாணிக்கும் அளிக்கப்படுகின்றது.

இப்பயிற்சி எளிதில் வந்ததன்று. 1912 இல் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலிலே நீச்சல் தடாகமும் துருக்கிய நீராடற்கூடமும் இருந்தன. ஆனால் ஏறக்குறைய 2,200 பேர் சென்ற அக்கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேர்க்கே இடமிருந்தது. உல்லாசத்துக்கு இடம் வகுத்தோர் உயிருக்கு இடம் வகுக்க மறந்தனர். அதன் பயனாகவே 1914 இல் கடலில் உயிர்காப்பு பற்றிய முதலாவது சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. ஒரு நூற்றாண்டு கழிந்து 2012 ஆம் ஆண்டு தை மாதத்தில் ‘கொஸ்ரா கொன்கோர்டியா’ இத்தாலியக் கரையோரப் பாறையில் மோதி 32 பேர் மாண்டனர். அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனேயோ இப்பயிற்சியை நடத்தல் வேண்டுமென விதி இறுக்கப்பட்டது. ஆதலாற் பிரயாணிச் சேவை என்பது இன்முகமும் இனிய உணவும் மாத்திரமன்று. பிரயாணியின் உயிருக்குப் பொறுப்பேற்றலே அதன் அடிப்படையாகும்.

இனி, எம்மவர் கடலிற் சென்ற வரலாற்றை நோக்குவோம். 1926 இற் கட்டப்பெற்று 1970-களின் முற்பகுதி வரை சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஓடிய ‘ரஜூலா’ என்னுங் கப்பலைத் தமிழர் மறவார். எண்ணாயிரத்துச் சொச்சம் தொன்னே கொண்ட அக்கப்பல் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகளை ஏற்ற உரிமை பெற்றிருந்தது. ஒருவர்க்கு இரண்டு தொன் இடமும் இல்லை. இன்றைய ‘ஐகன்’ கப்பலிலோ, நிறைந்து வழியும் நாளிலும் ஒருவர்க்கு முப்பது தொன்னுக்கு மேல் உண்டு. இரு காலத்து அளவை முறைகளும் முற்றும் ஒன்றல்லவெனினும், பெரும்படியான வேறுபாடு இதனால் விளங்கும். ‘ரஜூலா’வின் மேற்றட்டிலே பாயை விரித்துப் பெட்டியைத் தலையணையாக்கிப் படுத்துச் சென்றோரின் உழைப்பினாலேயே மலாயாத் தோட்டங்களும் இரும்புப் பாதைகளும் இயங்கின. அவர் நீச்சல் தடாகத்தை வேண்டினாரல்லர். போய்ச் சேருதலையே வேண்டினார். அவ்வழியிற் பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ என்னுங் கப்பல் 1985 ஆம் ஆண்டு மாசி மாதத்திலே தீக்கிரையாகி உயிர்கள் பல மாண்டபின், அக்கடல்வழிச் சேவையும் முடிவுற்றது.

எமது தீவைச் சுற்றியும் ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் ஓடின. ‘லேடி ஹவலொக்’, ‘லேடி கோர்டன்’ என்னும் பெயரின அவற்றுட் சில. தபாலையும் பிரயாணிகளையும் ஏற்றி அவை மட்டக்களப்பு, திருக்கோணமலை முதலிய துறைகளைத் தொட்டுச் சென்றன. 1928 அளவில் மட்டக்களப்பிற்குப் புகையிரதம் வந்தது. அங்கேயே நின்றும் விட்டது. கல்முனைக்கோ அக்கரைப்பற்றிற்கோ பொத்துவிலுக்கோ அது இன்றுவரை வந்திலது. 1914 இல் தொடங்கிய தனுக்கோடி - தலைமன்னார்க் கப்பற் சேவையும், 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயலிலே தனுக்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்து, 1980-களில் நாட்டிலே கலவரம் மூண்டபோது நின்று போயிற்று. எமது முதிய மாணவர் சிலர் அக்கப்பலேறிச் சென்றே தமிழகக் கல்லூரிகளிற் பயின்றனர். ஒரு டிக்கட்டுடன் கொழும்பிற் புகையிரதமேறிச் சென்னையில் இறங்கிய அந்நாளை அவர் இன்றும் வியந்து கூறக் கேட்டிருக்கின்றோம்.

இவ்விடத்திலே ஒரு வேறுபாட்டைத் தெளிதல் அவசியம். பழைய கப்பல் பாதை போன்றது. ஓரூரையும் மற்றோரூரையும் இணைத்தற்கே அது இருந்தது. 1958 இல் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்து பிரயாணிகளை ஏற்றத் தொடங்கின. அதன் பின் அப்பாதைக்கு வேண்டுவோர் குறைந்தனர். பிரயாணிகளை இழந்த கப்பற்றொழில் புதியதொரு வழியைக் கண்டது. போய்ச் சேரும் ஊரை விற்பதை விடுத்துப் போகும் பொழுதையே விற்கத் தொடங்கிற்று. இன்றைய உல்லாசக் கப்பல் பாதையன்று; அதுவே ஊர். துறைகள் அதற்கு இடையிடையே வரும் வேடிக்கைக் காட்சிகள். முதியவரின் வினாவிற்கு விடை இதுவேயாம்.

வருவாயின் போக்கும் இதனை உறுதி செய்யும். கட்டணத்தில் உணவும் உறையுளும் அடங்கும். மதுவகை, சூதாட்டம், உடற்பிடிப்பு, கடை, இணையத் தொடர்பு முதலியவற்றிற்குப் பிரயாணி தனித்துச் செலவிடுகின்றான். அச்செலவும் கப்பலுக்கே செல்கின்றது. கரையிறங்கிப் பார்க்கும் உலாக்களையும் கப்பலிலேயே விற்பர். அதிலும் ஒரு பங்கு கப்பலுக்கே. பிரயாணி காலையில் இறங்கி மாலையில் ஏறுகின்றான். பணம் கட்டிய உணவு கப்பலில் இருக்கையிற் கரையிலே உண்பானேன்? படுக்கை அங்கிருக்கையில் இங்கே தங்குவானேன்? ஒரே நாளில் ஆயிரம் பேர் வந்திறங்கின் தெருவிலே நெரிசல் மிகும். கடைகளிலே வியாபாரம் அவ்வளவிற்கு மிகாது. வெனிசு நகரம் உல்லாசப் பிரயாணிகளாலேயே வாழ்வது. அந்நகரின் நடுக் கால்வாய் வழியே பெருங்கப்பல்கள் செல்வதையே 2021 ஆம் ஆண்டு ஆவணி மாதந் தொட்டு இத்தாலிய அரசாங்கம் தடை செய்தது. வாழ வைப்பனவே அளவு மீறின் வாட்டும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

அத்துணைத் தூரம் செல்வானேன்? ஒலுவில் எமக்கு அயலிலேயே உள்ளது. 2013 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே திறக்கப்பெற்ற அத்துறைமுகம் வர்த்தகத் துறையாக எண்ணியவாறு இயங்கிற்றில்லை. எமது கரையோரத்து மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும் இயல்பினது. அலைதடுப்பணைகள் அதனைத் தடுக்கவே, தெற்கே மணல் குவிந்தது. துறையின் வாயில் தூர்ந்தது. வடக்கே மணல் வரத்தின்றிக் கடல் நிலத்தை அரித்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகளும் தோணி இழுத்து வைக்கும் கரையும் கடல்வாய்ப்பட்டன. கப்பல் வரவுமில்லை, இருந்த கரை தங்கவுமில்லை. இதனைக் கண்ணாற் கண்ட பின்னரும் உல்லாசக் கப்பலுக்கென இன்னுமொரு துறையை வேண்டி நிற்றல் அறிவுடைமையாகாது என்பதே எமது துணிபு.

அங்ஙனமாயின் கப்பல்களால் எமக்குக் கொள்வதற்கு ஒன்றுமில்லையோ எனின், உண்டு. அவை மூன்று.

முதலாவது, எம்மிடம் ஏற்கெனவே உள்ளதன் பெறுமதியை அறிதல். உல்லையிலே, அறுகம் குடாவின் அலைகளிற் சறுக்கி விளையாட வருவோர் சித்திரை தொட்டு ஐப்பசி வரை வந்து கொண்டே இருக்கின்றனர். அவர் மாலையிற் கப்பலேறிப் போவாரல்லர், வாரக்கணக்கிலே தங்குவர். எமது வீடுகளை ஒட்டிய விடுதிகளிற் படுப்பர். எமது மீனையும் சோற்றையும் உண்பர். முச்சக்கர வண்டியேறிப் பாணமைக்கும் குமணைக்கும் போவர். பொத்துவிற் களப்பிலே மீனவர் தள்ளும் தோணியிலிருந்து கண்டற் காட்டைக் காண்பர். அவர் தரும் பணம் கைமாறிக் கைமாறி ஊருக்குள்ளேயே சுழலும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தார் கையிலும் அது சேரும். 2004 ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோள் அனைத்தையும் வாரிச் சென்ற பின்னரும் இக்கரை எழுந்து நின்றது இவ்விதச் சிறு முயற்சிகளாலேயே. ஆயிரம் பேரை ஒரு பகல் காண்பதினும் ஐம்பது பேரை ஒரு மாதம் பேணுதல் மேலன்றோ?

ஆயின் பேணுகின்றோமா என்பதே வினா. கப்பலிலே பிரயாணிக்கு முதல் நாளே உயிர்காப்பு அங்கி காட்டப்படுகின்றது. எமது தோணிகள் எல்லாவற்றிலும் அஃது உண்டோ? கப்பலிலே விலை முன்னரே அறிவிக்கப்படுகின்றது. எம்மிடையே ஆளுக்கொரு விலை கூறும் வழக்கம் முற்றாக ஒழிந்ததோ? தொலைவிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்திறங்கும் ஒரு பெண்மணி, தூய்மையான கழிப்பறையொன்றை எமது பேருந்து நிலையங்களிலே நம்பிக்கையுடன் தேடலாமோ? இவற்றிற்குக் கோடிப் பணம் வேண்டியதில்லை, ஒழுங்கு வேண்டும். மேலும் இவை வெளிநாட்டார்க்கு மாத்திரம் உரியனவல்ல. கல்முனை வைத்தியசாலைக்குச் செல்லும் எமது தாய்மாரும் பிரயாணிகளே.

இரண்டாவது, பாதையாகிய கப்பலை வேண்டுதல். 2023 ஆம் ஆண்டு ஐப்பசியிலே நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்குமிடையே ஏறக்குறைய 150 பேரை ஏற்றும் ‘செரியபாணி’ என்னுஞ் சிறு கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாட்களிலேயே பருவக்காற்றால் நின்றதாயினும், 2024 ஆம் ஆண்டு ஆவணியிலே ‘சிவகங்கை’ என்னுங் கப்பலுடன் அச்சேவை மீண்டது. ஏறக்குறைய 110 கிலோமீற்றர் தூரத்தை நான்கு மணி நேர அளவிற் கடக்கும் அக்கப்பலிலே நாடக அரங்கில்லை. ஆனால் மாணவனும் சிறு வணிகனும் உறவினரைக் காணச் செல்லும் முதியோளும் அதிற் செல்லலாம். திருக்கோணமலையிலே இயற்கைத் துறை இருக்கின்றது. அங்கிருந்து இத்தகைய சேவையொன்று அமையுமாயின், அதனோடு எமது ஊர்ப் பேருந்துகள் நேரம் பொருந்தி ஓடுமாயின், புதிதாக ஒரு கல்லும் கடலிற் கொட்டாமலே நாம் கடல்வழியைப் பெறுவோம். எமது கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலேனும் அஃது இயலும். வேண்டுவதாயின் இதனை வேண்டுவோம்.

மூன்றாவது, எமது இளைஞரைப் பற்றியது. இதனையே இம்மலரிற் சிறப்பாக வற்புறுத்த விரும்புகின்றோம். உல்லாசக் கப்பல்களின் சமையலறைகளிலும் இயந்திர அறைகளிலும் இலங்கையர் பலர் பணியாற்றுகின்றனர். எமது பகுதியிலிருந்து அத்தொழிலை நாடுவோர் சிலரே. நாடுவோரும் ஆயத்தமின்றியே நாடுகின்றனர். எமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், தாயின் நகையை ஈடு வைத்து முகவர் ஒருவர்க்குப் பெருந்தொகை கொடுத்தார், இரண்டாண்டு காத்திருந்தார், கப்பலையே கண்டிலர். மாலுமிகளிடம் ஆட்சேர்ப்புக்கெனக் கட்டணம் அறவிடலாகாது என்பது 2006 இல் வகுக்கப்பெற்று 2013 இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இருபத்துநான்கு மணி நேரத்திற் பத்து மணி நேரமேனும் ஓய்வு அளித்தல், ஒப்பந்தம் முடிந்ததும் முதலாளி செலவில் ஊருக்கு அனுப்புதல் என்பனவும் அதில் உள. அவ்விளைஞர் இவற்றுள் ஒன்றையேனும் அறிந்திருப்பாராயின் அந்நகை தாயின் கழுத்திலேயே இருந்திருக்கும்.

அத்தொழில் இன்பமே நிறைந்ததென்று நாம் கூறவரவில்லை. மேற்றட்டில் ஆடல் நிகழும்போது கீழ்த்தட்டிலே சாளரமில்லாத சிற்றறையில் இருவர் மூவர் உறங்குவர். மாதக்கணக்கில் விடுமுறை நாளில்லை. 2020 இற் கொள்ளைநோய் பரவியபோது, யொக்ககாமாத் துறையில் 3,711 பேருடன் தடுத்து வைக்கப்பட்ட ‘டயமண்ட் பிரின்செஸ்’ கப்பலில் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பிரயாணிகள் அறைகளில் அடைபட்டிருக்க, அவர்க்கு உணவு சுமந்து சென்றோர் பணியாளரே. அவ்வாண்டு சித்திரையில், எரிபொருள் பெறக் கொழும்பை அணுகிய வேறொரு பெருங்கப்பலில் இருந்த இலங்கைச் சமையலாளர் ஒருவர், தம்மைத் தாய்நாட்டில் இறங்க விடுமாறு இறைஞ்சினார். கடற்படையினர் சென்று அவரை இறக்கி வந்தனர். அம்மாளிகையின் சுவர்களுக்குள் எத்துணைத் தனிமை உண்டென்பதை அன்று நாடு முழுவதும் அறிந்தது.

எனினும் உரிமை அறிந்து, தகுதி பெற்றுச் செல்வோர்க்கு அஃது இழிந்த தொழிலன்று. எம்மிடையே ஒரு குறை உண்டு. பிறர்க்கு உணவு பரிமாறுதலும் படுக்கை விரித்தலும் கற்றவன் செய்யத் தகாதவை என்று எண்ணுகின்றோம். பட்டம் பெற்ற பிள்ளை அரசாங்க உத்தியோகத்துக்கு ஐந்தாண்டு காத்திருத்தலைப் பெருமையென்றும், விடுதியொன்றிற் பணியாற்றுதலைச் சிறுமையென்றும் கொள்கின்றோம். விருந்தோம்பலை அறமாகப் போற்றும் நாம் அதனையே தொழிலாகச் செய்வோனை இகழ்தல் பொருந்துமோ? கப்பலிலே அறையைத் துப்புரவு செய்வோனும் தீயணைக்கவும், முதலுதவி செய்யவும், படகை இறக்கவும் பயிற்சி பெற்றவனே. ஆபத்து வேளையிற் பிரயாணி அவன் சொற்படியே நடத்தல் வேண்டும். பணிபவன் என நாம் எண்ணுபவனே அங்கு காவலனும் ஆகின்றான்.

கடலிற் பணிபுரியச் செல்வோர் யாவர்க்கும் நான்கு அடிப்படைப் பயிற்சிகள் விதிக்கப்பட்டுள்ளன: கடலில் உயிர் தப்புதல், தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தன் பாதுகாப்பும் பிறர்பாற் பொறுப்பும். இவற்றின் தொடக்கத்தை எமது கல்லூரியிலேயே இடலாகாதோ? கடற்கரைப் பிள்ளைகளுள் முறையாக நீந்த அறியாதார் இன்னும் பலர். கடற்கோள் கண்ட எமக்கு இது நாணத்தக்கது. நீச்சலும் முதலுதவியும், ஆங்கிலத்தோடு சிங்களமும், தொழில் ஒப்பந்தமொன்றை வாசித்து விளங்கும் பயிற்சியும் உயர்வகுப்பு மாணவர்க்கு வாய்க்குமாயின், அவர் கப்பலுக்குப் போனாலும் பயன். உல்லையில் விடுதி நடத்தினாலும் பயன். இரண்டுமின்றி வயலில் நின்றாலும் பயனே. கப்பல்களிலும் விடுதிகளிலும் பணியாற்றும் எமது பழைய மாணவர் விடுமுறையில் வரும்போது ஒரு நாளேனும் மாணவர் முன் பேசுவாராயின், எந்த முகவரது இனிய வாக்கும் எம் பிள்ளைகளை ஏமாற்றாது.

விழாக்காலத்திலே மண்டபங் கட்டுதலும் கோபுரங் கட்டுதலும் வழக்கம். அவற்றை நாம் குறை கூறவில்லை. பழைய மாணவர் சங்கம் இவ்விழாவின் நினைவாக இப்பயிற்சியையும் தொடங்கி வைக்குமாயின், அதிபரும் ஆசிரியரும் அதற்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவாராயின், அந்நினைவு நிலைத்து நிற்கும்.

அவ்வொளி வரிசை இனியும் எமது கரைக்கு அப்பாற் செல்லும், செல்லட்டும். அது நின்று எம்மைக் காணல் வேண்டுமென்று ஏங்கி நிற்றல் வேண்டா. எம்மை நாடி எமது படியேறி வருபவனை, அவன் வெளிநாட்டானாயினும் அயலூரானாயினும், உயிர்க்குக் காவலும் உள்ளத்துக்கு மதிப்பும் தந்து வரவேற்கக் கற்போமாயின், முதியவரின் வினா மாறிவிடும். “அவங்க ஏன் இஞ்ச இறங்கப்போறாங்க?” என்று கேட்டவர், இறங்கி வந்தவர் ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றனர் என்று கேட்பார். அதற்கு விடை கூறும் பொறுப்பு எம் கல்லூரியின் பிள்ளைகளுடையது.